கல்வராயன் மலையும் வேட்டொலியும்: நாட்டு வெடிக்கருவிகளின் வரலாறும் ஆபத்தும்

நாட்டு வெடிக்கருவிகள் என்பவை, தொழிற்சாலையின் தர ஆய்வுக்கு உட்படாமல் வீட்டிலோ சிறு பட்டறையிலோ கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு செய்யப்படும் சுடுகருவிகளும் ஒலிக்கருவிகளும் ஆகும். நாட்டுத் துப்பாக்கி, கோயில் விழாக்களில் போடப்படும் வேட்டுக்குழாய், காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய், அண்மைக் காலத்தில் பரவியுள்ள கார்பைடு துப்பாக்கி ஆகியவை இவ்வகையில் அடங்கும். பயிர்க்காவல், வேட்டை, விழா, விளையாட்டு என இவற்றின் நோக்கங்கள் வேறு வேறு. ஆனால் இவை ஏற்படுத்தும் காயங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும்பாலும் காயம்படுபவர் இலக்காகக் கருதப்பட்டவர் அல்லர். அருகில் நின்றவரோ, வழியில் சென்றவரோ, கருவியைக் கையில் பிடித்திருந்தவரோதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் முன்வைத்து இவற்றின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

இடமும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கல்ராயன் மலை என்றும் வழங்குவர். சேர்வராயன் மலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றோடு சேர்ந்து இது வடக்கே பாலாற்றுப் படுகையையும் தெற்கே காவிரிப் படுகையையும் பிரிக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவுகளாகப் பேசப்படும் இம்மலைத்தொடர், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதை அடுத்த சேலம் முதலிய மாவட்டங்களிலும் பரவியுள்ளது. வெள்ளிமலை, கரியாலூர் ஆகியவை கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை ஊர்கள்; கருமந்துறை சேலம் பக்கத்தது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குவது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. 1976இல்தான் அது அரசு நிர்வாகத்தின் கீழ் முழுமையாக வந்தது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவை இங்குள்ள முக்கியப் பயிர்கள். காட்டை ஒட்டிய நிலம் என்பதால் பயிரிடுவதோடு பயிரைக் காப்பதும் இங்கு உழவின் ஒரு பகுதியாகவே இருந்து வந்துள்ளது.

வெடிமருந்துக்கு முந்தைய காவல் ஒலிகள்

மலைநிலத்தில் ஒலி எழுப்பிப் பயிர் காப்பது பழைய வழக்கம். தினைப்புனத்தில் கிளி கடியும் பெண்கள் தட்டை, குளிர், தழல் ஆகிய கருவிகளைப் பயன்படுத்தியதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்த ஒலிக்கருவி. பரண் மீது அமர்ந்து காவல் காப்பதும், கவணில் கல் வைத்து எறிவதும் சங்கப் பாடல்களில் பலமுறை வருகின்றன.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரியது. அதன் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா, கல்வராயன் மலைக்கு வடக்கே இன்று செங்கம் என்று வழங்கும் ஊராகும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழி கூறும் இந்நூல், வழியில் உள்ள ஆபத்துகளையும் எடுத்துச் சொல்கிறது. பயிரை அழிக்கும் பன்றிக்காக அவை நுழையும் வழிகளில் பெருங்கற்களால் ஆன பொறிகளைப் பொருத்தி வைத்திருப்பார்கள். ஆகவே விடிந்த பின் செல்லுங்கள் என்று அது எச்சரிக்கிறது. யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் உங்கள் மீது பட்டுவிடக்கூடும், மரங்களின் மறைவில் செல்லுங்கள் என்றும் கூறுகிறது. பயிரைக் காக்க வைத்த கருவி வழிப்போக்கனைத் தாக்கும் என்பதை அன்றே அறிந்திருந்தனர். அதற்கு வெடிமருந்து தேவைப்படவில்லை. காவலுக்கு எறிந்த கல்லே போதுமானதாக இருந்தது.

வெடிமருந்தின் வருகை

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து சீனாவில் தோன்றி இந்தியாவை அடைந்தது. தமிழகத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்க்களத்தில் அது பரவலாயிற்று. பீரங்கி என்னும் சொல், ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்னும் சொல்லோடு தொடர்புடையது. கருவியும் சொல்லும் கடல் வழியே சேர்ந்து வந்தன.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் உள்ள பெரும் பீரங்கி 17ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் நீளம் சுமார் ஏழரை மீட்டர். எடை சுமார் 22 டன். அது வார்த்துச் செய்யப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளின் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி அடித்து அடுக்கடுக்காக இறுக்கிச் செய்யப்பட்டது. உள்ளே எழும் அழுத்தத்தைத் தாங்க எவ்வளவு தடித்த சுவர் தேவை என்பதை அக்காலக் கொல்லர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வளவு கவனத்துடன் செய்தாலும் பீரங்கிகள் சிதறுவதுண்டு. 1460இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், தம் படையின் பீரங்கி வெடித்துச் சிதறியதில் அருகில் நின்று உயிரிழந்தார். அரசனின் பட்டறையில் உருவான பீரங்கியே அப்படிச் சிதறியது என்றால், பழைய குழாயிலோ பிளாஸ்டிக் குழாயிலோ செய்யும் கருவியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சிப் பகுதியும் பீரங்கிப் போரைக் கண்டதே. தியாகதுருகம் மலைக்கோட்டைக்காக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படையினர் ஆகியோர் மோதினர். 1790இல் திப்பு சுல்தானின் படை அதனைத் தாக்கியபோது கேப்டன் பிளின்ட் தலைமையிலான ஆங்கிலேயப் படை கோட்டையைக் காத்தது.

பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் ஆங்கிலேய அரசு மக்களிடமிருந்த ஆயுதங்களின் மீது கை வைத்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்றது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் மருந்துக்கும் உரிமம் வேண்டும் என்றது. தற்காப்புக்கும் பயிர்க்காவலுக்கும் வைத்திருந்த கருவி ஒரே தலைமுறையில் குற்றப்பொருளாயிற்று. சமவெளியில் இச்சட்டங்கள் விரைவில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் சாலையும் அலுவலகமும் எட்டாத மலைகளில் பழைய வழக்கம் தொடர்ந்தது.

நாட்டுத் துப்பாக்கி

குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கியே இன்று நாட்டுத் துப்பாக்கி எனப்படுகிறது. கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத இத்தகைய துப்பாக்கிகளைக் காவல் துறையினர் அவ்வப்போது கைப்பற்றி வருகின்றனர். தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கப்பட்ட காலங்களில், பெயர் தெரியாதவர்கள் பொது இடங்களில் துப்பாக்கிகளை விட்டுச் செல்வதும் நடந்துள்ளது.

இக்கருவியின் முதல் ஆபத்து அதன் குழலில் உள்ளது. துப்பாக்கிக்கென வார்த்த எஃகு அன்றி வேறு வேலைக்குச் செய்த குழாய் அதில் பயன்படும்போது, பற்றவைத்த இணைப்பும் துருப்பிடித்த இடமும் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு முறை சுட்டதால் அது உறுதியானது என்று ஆகாது. ஒவ்வொரு முறையும் குழல் சற்றுச் சற்றாக நலிந்து வந்திருக்கும். இரண்டாவது ஆபத்து, மருந்து இட்டபடியே வீட்டில் வைத்திருப்பது. வெளியே பார்க்கும்போது துப்பாக்கியில் மருந்து உள்ளதா இல்லையா என்று தெரியாது. சுவரில் சாய்த்து வைத்ததை எடுக்கும் சிறுவனுக்கோ துடைக்க முற்படும் பெரியவருக்கோ அது ஒரு பொறியாகிவிடுகிறது. மூன்றாவது, இரவு வேட்டையில் புதருக்குப் பின்னே அசைவது விலங்கா மனிதனா என்று தெரியாமல் சுடுவது.

வேட்டுக்குழாய்

திருவிழாவில் சாமி புறப்படும்போதும், சில ஊர்களில் சாவு ஊர்வலத்திலும் வேட்டுப் போடுவது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். ஒரு முனை மூடிய கனத்த இரும்புக் குழாயில் கருமருந்தை இடித்துத் தீ வைப்பார்கள். கேரளத்திலும் குமரிப் பகுதியிலும் இது கதினா எனப்படும். இதனைப் பரம்பரையாகச் செய்து வந்தவர்கள் அனுபவத்தால் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தனர். அவர்களுக்குமே விபத்துகள் நேர்ந்தன. ஒருமுறை வெடித்த குழாயின் உள்ளே கங்கு தங்கியிருக்க, அடுத்த மருந்தை இடும்போதே அது தீப்பற்றுவது பொதுவான காரணம். சேர்த்து வைத்த மருந்தின் மேல் பொறி விழுவது மற்றொரு காரணம். 2016 ஏப்ரல் 10 அன்று கேரள மாநிலம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கையின்போது சேமிப்பில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

விற்பனைக்கு வந்த பட்டாசும் கூட்டமாகச் சேர்ந்தால் இதே ஆபத்தைத் தரும். 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை ஒன்றில் ஏற்பட்ட தீவிபத்தில் ஐந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமம், தொழிற்சாலைப் பொதி, விதிமுறை எல்லாம் உள்ள பொருளே இவ்வளவு கேடு செய்யும். இவை எதுவும் இல்லாத வீட்டுக் கலவை அதைவிடக் கணிக்க முடியாதது.

வீட்டில் கலக்கும் மருந்தில் மற்றொரு கேடும் உண்டு. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் உள்ளது. இதனைக் கந்தகத்தோடு சேர்த்தால் அக்கலவை உரசலுக்கும் தட்டலுக்கும்கூட வெடிக்கும். இதனாலேயே குளோரேட்டும் கந்தகமும் கலந்த பட்டாசு செய்வதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. பல தலைமுறைத் தொழில் அனுபவம் கொண்ட சிவகாசித் தொழிலாளர்களுக்கே ஆகாது என்று விலக்கப்பட்ட கலவையை, சிறுவர்கள் விளையாட்டாகச் செய்து பார்க்கிறார்கள்.

அவுட்டுக்காய்

உணவுக்குள் வெடிமருந்து வைத்துக் காட்டுப்பன்றி நடமாடும் இடத்தில் போடுவது அவுட்டுக்காய் எனப்படும். பன்றி கடித்ததும் அதன் வாய் சிதறும். இதனைக் கடிப்பது பன்றி மட்டுமன்று. மேய்ச்சல் மாடு, நாய், யானை என எதுவும் அதில் சிக்கலாம். 2020 மே 27 அன்று கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த உணவைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது. இலங்கையிலும் இவ்வகை வெடி ஏராளமான யானைகளைக் கொன்றுள்ளது. அங்கு இதனை ‘ஹக்க பட்டாஸ்’ என்பர்.

மனிதரும் தப்பவில்லை. 2020 ஜூன் மாதம் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே, மீன் பிடிப்பதற்காக வைத்திருந்த வெடிபொருளைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். மலைபடுகடாம் கூறிய பன்றிப் பொறியாவது ஓரிடத்தில் நின்றது. விடிந்த பின் சென்றால் கண்ணுக்குத் தெரிந்தது. அவுட்டுக்காயோ உணவின் வடிவில் இருப்பதால் பகலிலும் அடையாளம் தெரியாது. வைத்தவரும் மறந்துவிடக்கூடும்.

கார்பைடு துப்பாக்கி

கால்சியம் கார்பைடு நீர் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும் என்பதை 1862இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர் கண்டறிந்தார். 1892இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் அதனைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டபின், சுரங்க விளக்கிலும் மிதிவண்டி விளக்கிலும் கார்பைடு எரிந்தது. 1907இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வில்சன் கார்பைடில் இயங்கும் விளையாட்டுப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க விடுதலை நாளில் கருமருந்துப் பட்டாசால் சிறுவர்கள் காயம்படுவதைக் குறைப்பதே அதன் நோக்கம் என்பது கவனிக்கத்தக்கது. வார்ப்பிரும்பில், அளவான வாயு மட்டுமே உண்டாகும்படி அது தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

கருவி கைமாறிப் பரவியபோது கருத்து மட்டும் சென்றது, பாதுகாப்பு பின்தங்கியது. நெதர்லாந்தின் சிற்றூர்களில் புத்தாண்டுக்குப் பால் கேன்களில் கார்பைடு வெடிப்பது மரபாகவே உள்ளது. அங்கு உள்ளாட்சி அமைப்புகள் இடம், நேரம், தொலைவு ஆகியவற்றை வரையறுத்துள்ளன. பறக்கும் இரும்பு மூடிக்குப் பதிலாகக் கால்பந்தைச் செருகும் வழக்கமும் வந்தது. பிலிப்பைன்சில் பிளாஸ்டிக் குழாயில் எரிசாராயம் கொண்டு வெடிக்கும் ‘போகா’ தடை செய்யப்பட்ட பின்னும், புத்தாண்டுக் காலக் காயங்களுக்கு ஒரு காரணமாகவே நீடிக்கிறது.

இந்தியாவில் வயலில் குரங்கு விரட்டப் பயன்பட்ட பிளாஸ்டிக் குழல், சமூக ஊடகக் காணொளிகள் வழியே தீபாவளி விளையாட்டுப் பொருளாயிற்று. 2025 அக்டோபர் தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் போபால், விதிஷா முதலிய இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் கண்ணில் காயம்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். சிலர் பார்வையை இழந்தனர். விலை குறைவு, செய்வது எளிது, சத்தம் பெரிது என்னும் மூன்றும் சேர்ந்தால் ஒரு பொருள் எத்தனை விரைவில் பரவும் என்பதற்கு இது சான்று.

காயம் எவ்வாறு நேர்கிறது

முதலாவது, தாமதமான வெடிப்பு. வெடிக்கவில்லை என்று நினைத்துச் சிறுவன் குழலுக்குள் எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் அது வெடிக்கிறது. கார்பைடு துப்பாக்கியால் கண்ணிழந்தவர்கள் பலருக்கு நேர்ந்தது இதுவே.

இரண்டாவது, வாயுவின் இயல்பு. சமையல் வாயு காற்றோடு குறுகிய விகிதத்தில் கலந்தால்தான் தீப்பற்றும். அசிட்டிலீனோ காற்றில் நூற்றுக்கு 2.5 பங்கு இருந்தாலே பற்றும். 80 பங்கு இருந்தாலும் பற்றும். எனவே இதில் பாதுகாப்பான அளவு என்று கண்மதிப்பில் எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, எஞ்சும் சுண்ணாம்பு. கார்பைடு நீரோடு வினைபுரிந்தபின் எஞ்சுவது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெடிப்பில் இது கண்ணில் தெறிக்கும். காரப்பொருள் கண்ணின் மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே ஊடுருவிச் செல்வதால், தீக்காயத்தோடு வேதிக்காயமும் சேர்ந்துகொள்கிறது.

நான்காவது, ஒலி. இந்தியாவில் 1999இல் வகுத்த விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் பட்டாசுகளுக்கு அனுமதியில்லை. திறந்த வெளியில் தொலைவு பாதியாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அந்தக் கணக்கில், 4 மீட்டரில் 125 டெசிபல் உள்ள ஒலி அரை மீட்டரில் 143 டெசிபல் ஆகும். குழலைக் கையில் பிடித்திருப்பவரின் காது அந்த அரை மீட்டரில்தான் இருக்கிறது. அவ்வளவு ஒலி ஒரே வெடிப்பில் நிலையான செவிக்குறைவை உண்டாக்கக்கூடும்.

சட்டமும் மலை உழவரும்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் கேட்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கவும் இடம் தருகிறது. வெடிபொருளைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பது 1908ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டப்படி கடுங்குற்றமாகலாம். அவுட்டுக்காயால் காட்டு விலங்கைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். கார்பைடைச் சேமிப்பதற்கும் 1987ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அதனைக் கொண்டு பழங்களைப் பழுக்க வைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. இருந்தும் வெல்டிங் பட்டறைத் தேவைக்காக அது சந்தையில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் தடையை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு பாதியாகிவிடும். ஓர் இரவில் பன்றிக்கூட்டம் மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப் போட்டால், ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. இடைப்பட்ட பகுதியில் பிடிக்க மட்டுமே அனுமதி. காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கும் மலை உழவர், சேதம் மிகுந்த இடத்தில் இருந்தும், இந்த ஏற்பாட்டின் பயனுக்கு வெளியே நிற்கிறார். துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் அரசு, பயிர்ச்சேத இழப்பீட்டைக் காலத்தோடு தருவதும், சூரிய மின்வேலி போன்றவற்றுக்கு உதவுவதும் ஒரே பணியின் இரு பக்கங்கள். ஒன்றை விட்டு மற்றொன்று நிலைக்காது. கூட்டாக இரவுக்காவல், பரண், தப்பு, தகர டப்பா ஆகிய பழைய வழிகளுக்கும் இதில் இடம் உண்டு. அவை ஆளைத் தூங்க விடாதவை. ஆனால் ஆளைக் கொல்லாதவை.

காயம்பட்டால் செய்ய வேண்டியவை

கண்ணில் கார்பைடோ சுண்ணாம்போ தெறித்தால் தேய்க்கக் கூடாது. இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் துண்டு குத்தியிருந்தால் அதைப் பிடுங்காமலும் கண்ணை அழுத்தாமலும் கொண்டு செல்ல வேண்டும். தீக்காயத்தில் மை, பற்பசை, மாவு எதையும் தடவாமல், குளிர்ந்த நீரை ஊற்றித் தூய துணியால் மூட வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்தால் அவசர ஊர்தி வரும். மலை ஊர்களுக்கு அது வந்து சேர நேரமாகும் என்பதால், கண்ணைக் கழுவும் வேலையை ஊர்தி வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. வெடிக்காத அவுட்டுக்காயையோ குழலையோ கண்டால் தொடாமல், பிறரையும் விலக்கி, காவல் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

கல்வராயன் மலையின் கதை, கவண்கல்லில் தொடங்கிக் கருமருந்து வழியே காணொளி பார்த்துச் செய்யும் பிளாஸ்டிக் குழல் வரை வந்துள்ளது. முன்பு கருவியைச் செய்தவருக்கு ஊரில் பெயர் இருந்தது, அவர் கைப்பழக்கம் தெரிந்திருந்தது, தவறு நேர்ந்தால் கேட்கவும் ஆள் இருந்தது. இன்று செய்முறை எங்கிருந்தோ வருகிறது. காயம் மட்டும் நம் ஊரில் நேர்கிறது. பழைய மலைப்பாட்டு, வழியில் பொறி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கூத்தரைக் காத்தது. அப்படிச் சொல்லும் பொறுப்பு இன்று பள்ளிக்கும் பெற்றோருக்கும் பட்டறைக்காரருக்கும் சேர்ந்தே உள்ளது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முந்தைய வாரங்கள் அதற்கு உரிய காலம்.